தேவகிக்குக் கொடுத்த விரல்

ஃபிங்கர்பிரிண்ட் என்றால் விரல் பதிக்கும் தடம். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியார் அந்தச் சொல்லை இரண்டாகப் பிரித்து, மறுபடி சேர்த்து, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் அந்தச் சொல்லுக்கு வேலை ஜாஸ்தி. அங்கே யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை. பிரிண்ட், அவ்வளவுதான். "பிரிண்ட் வெச்சியா?" என்றால் வேலைக்கு வந்துவிட்டாயா என்று அர்த்தம். "அவளுக்குப் பிரிண்ட் வுழல" என்றால் பாவம், அவளுக்கு இன்றைக்கு நாள் போச்சு என்று அர்த்தம்.

காலையில் வைப்பது இன், சாயந்திரம் வைப்பது அவுட். அவுட் வைக்க மறந்து பஸ் ஏறிவிட்டால், வீட்டில் உட்கார்ந்து சோறாக்கிக்கொண்டிருந்தாலும் மெஷின் கணக்கில் ஆள் கம்பெனிக்குள்ளேதான். வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் பெயர் சிவப்பாக நிற்கும். மறுநாள் வந்து விட்டுப்போன அவுட்டை வைத்தால்தான் அந்தச் சிவப்பு போகும். இதையெல்லாம் அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

சோபனாவுக்கு ஊர் அணைக்கட்டு. இரண்டாவது பிள்ளை பால் மறந்த கையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறியவள், அன்றிலிருந்து ஃபோல்டிங் மேசையிலேயே இருக்கிறாள். ஷூவின் மேல்பாகத் தோலை ஓரம் சீவி அனுப்புவார்கள். அதில் சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, காய்ந்தும் காயாமலும் இருக்கிற பதத்தில் விரலால் மடித்து, சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். நேர் ஓரம் சொன்ன பேச்சு கேட்கும். வளைவில்தான் தோல் முரண்டு பிடிக்கும். அங்கே விரல் நுனியால் பொடிப் பொடிச் சுருக்கமாக வைத்து அமுக்கிக்கொண்டே போக வேண்டும்.

சாயந்திரம் விரலில் ஒட்டிக் காய்ந்த சொல்யூஷனைத் தின்னர் தொட்டு உரிப்பார்கள். உரிக்கும்போது கொஞ்சம் தோலும் கூடவே வரும். வருஷக்கணக்காக இப்படி உரித்து உரித்து சோபனாவின் விரல் நுனியெல்லாம் புளியங்கொட்டை மாதிரி வழவழப்பாகிவிட்டது. ரேஷன் கடையில் கருவிழி பார்க்கும் மெஷினில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறாள். தோல் டாக்டர் ஒருவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச மாசம் இந்த வேலைய வுட்டுட்டு சும்மா இருங்கம்மா, ரேகை தானா வளந்துடும்" என்றார். சோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா இருக்கணும்னா நான் செத்துதான் சார் போவணும்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். அவள் புருஷன் செல்வகுமார் லோடு ஆட்டோ ஓட்டினவன். போன வருஷம் மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து குனிய நிமிர முடியாமல் கிடக்கிறான். வீட்டில் அடுப்பு எரிவது சோபனாவின் வேலையை நம்பித்தான்.

தேவகி அவளுக்குப் பக்கத்து ஸ்டூல்காரி. கணியம்பாடிப் பக்கம். மாட்டைக் கறந்து, மாமியாருக்குக் கஞ்சி ஊற்றி, பிறகு ஓடிவருவாள். வாரத்தில் இரண்டு தடவையாவது கம்பெனி பஸ்ஸைக் கோட்டை விட்டு, டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வேலூர் வந்து வண்டி மாறி வருவாள். இடது கைக்காரி. அதனால் அவள் மடிக்கும் வளைவுகளில் சுருக்கமெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், மற்றவர்கள் மடித்தால் வலப்பக்கம். ஒவ்வொரு ஜோடி முடித்ததும் சுத்தியலால் மேசை விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவாள். ஏன்டி தட்டுற என்று கேட்டால், "முடிஞ்சிச்சுன்னு அதுக்குத் தெரிய வேணாமா?" என்பாள்.

கம்பெனிக்கு விரல் மெஷின் வந்த காலத்தில் அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டு விரல் பதிந்தார்கள், ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. மெஷின்காரப் பையன் அன்பரசன் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருப்பான், கையைப் பார்க்க மாட்டான். இரண்டாவது விரலுக்கு, பக்கத்தில் நிற்கும் தோழி தன் சுண்டுவிரலை நீட்டிவிடுவாள். அதற்குப் பெயர் விரல் குடுக்கிறது. சோபனாவின் இடது சுண்டுவிரல் தேவகி பெயரில் ஏறியது. தேவகியின் இடது சுண்டுவிரல் சோபனா பெயரில் ஏறியது. ஒருத்தி வழியில் மாட்டிக்கொண்டால் இன்னொருத்தி அவளுக்கும் சேர்த்து வைத்துவிடுவாள். லீவில் இருக்கிறவளுக்கு வைக்கக் கூடாது, வழியில் இருக்கிறவளுக்கு மட்டும்தான் என்று ஒரு கட்டுப்பாடும் உண்டு. திருட்டிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா?

இரண்டு வருஷம் முன்னால் தேவகி காய்ச்சலில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தது தெரிவதற்குள் பிணம் வீட்டுக்கு வந்துவிட்டது. அப்போது ஷிப்மென்ட் நேரம். சூப்பர்வைசர் யாரையும் விடவில்லை. சோபனா மட்டும் கெஞ்சிக் கூத்தாடிப் பெர்மிஷன் வாங்கி, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது கணியம்பாடியில் வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். தோழியை அனுப்பிவைக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்கிற குறை அவளுக்கு அன்று விழுந்தது, ஆறவே இல்லை.

மெஷினில் தேவகியின் பெயர் அப்படியே இருந்தது. எடுக்க வேண்டியது ஆபீஸ் என்று அன்பரசன் இருந்தான், அன்பரசன் எடுத்திருப்பான் என்று ஆபீஸ் இருந்தது. செத்தவள் பெயர் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, கிடந்தது.

இந்த வருஷம் ஆடி பிறந்ததும் சோபனாவின் கட்டைவிரலை மெஷின் ஒரேயடியாக மறந்துவிட்டது. வைத்தால், "ப்ளீஸ் ட்ரை அகைன்" என்று அந்த இங்கிலீஷ்காரி குரலில் சொல்லும். மறுபடி வைத்தால் மறுபடி அதையே சொல்லும். டைம் ஆபீஸ் ஜான் பாஷா நல்ல மனுஷன். "வுடும்மா, நான் கையால எழுதிக்கறேன்" என்று எழுதிக்கொண்டிருந்தார். பிறகு சரக்கு வாங்கும் பையர் கம்பெனியிலிருந்து ஆடிட் வந்தது. ஆடிட்டுக்குப் பின்னால் புது ஆபீசர் வந்தார். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கையால் எழுதுவது கிடையாது, மெஷின் எடுக்காத ஆள் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

புதுசாகப் பதிய அன்பரசன் வந்தான். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. இடது சுண்டுவிரலில் மட்டும் சோபனா பிளாஸ்திரி சுற்றியிருந்தாள்.

"அதுல இன்னா?" என்று கேட்டான்.

"கத்தி பட்டுடுச்சு" என்றாள் சோபனா.

கத்தியும் படவில்லை, ஒன்றும் படவில்லை. மடிக்கும்போது அந்த ஒரு விரல் மட்டும் தோலில் படாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் அவள் கையில் ரேகை மிச்சமிருந்தது அதில் மட்டும்தான். ஆனால் அது தேவகிக்குக் கொடுத்த விரல். அதை வைத்தால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும், விரல் கொடுத்த எல்லாப் பெண்களின் வேலைக்கும் சேர்த்து ஆபத்து.

முதல் தேதி நெருங்க நெருங்க அவளுக்குத் தூக்கம் போனது. ஒரு நாள் காலை மெஷின் இருக்கும் கேட்டில் வரிசை நின்றது. பின்னால் இருந்தவர்கள் சீக்கிரம், சீக்கிரம் என்றார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று ஈரத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். பதற்றத்தில் பிளாஸ்திரி கழன்றதையும், இடது சுண்டுவிரலை வைத்ததையும் அவள் பார்க்கவில்லை.

"தேங்க் யூ" என்றது மெஷின்.

ஸ்க்ரீனில் தேவகி என்று வந்தது, கீழே இன் என்று வந்தது.

பின்னால் நின்றிருந்தவள் அக்தரி பேகம். ஃபோல்டிங் மேசையில் மூத்தவள். ஸ்க்ரீனில் இருந்த பெயரைப் படித்தாள், சோபனாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்த விரலைப் பிடித்து மெஷின் கண்ணாடியிலிருந்து எடுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் காதோடு சொன்னாள்.

அன்று சாயந்திரம் சோபனா மெஷின் பக்கமே போகவில்லை. அந்தக் கண்ணாடியை இனிமேல் தொடுவதற்கு அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. ஜான் பாஷா அவள் பெயரைக் கையால் எழுதிக்கொண்டார், அவள் பஸ் ஏறிவிட்டாள். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் தேவகியின் பழைய ஸ்டூலில் உட்கார வந்த புதுப்பெண் சட்டென்று எழுந்தாள். "அக்கா, இதுல யாராச்சும் இருந்தாங்களா? சுடுது" என்றாள். அப்போதுதான் லைட் போட்டிருந்தார்கள், யாரும் வந்திருக்கவில்லை. சோபனா தொட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்துபோனால் இருக்கும் அந்த வெதுவெதுப்பு இருந்தது.

அதற்கடுத்த நாள், சாயந்திரம் மடிக்காமல் விட்டுப்போன துண்டுகள் காலையில் மடிந்து கிடந்தன. வளைவில் சுருக்கமெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அந்த லைனில் இப்போது இடது கைக்காரி யாரும் கிடையாது. சூப்பர்வைசர் நல்லாருக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு எண்ணிக்கை வந்தால் போதும், மடித்தது மனுஷியா வேறு ஏதாவதா என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்.

மேசையில் டக் டக் என்று இரண்டு தட்டு கேட்டது. சோபனா தலைதூக்கிப் பார்த்தாள். சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது. தட்டியது அவள்தான். எப்போது இந்தப் பழக்கம் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அவ உன்னக் கூப்புட வந்திருக்காடி" என்றாள் அக்தரி பேகம், சாப்பாட்டு நேரத்தில். "ரெண்டு பேரும் விரல மாத்திக்கினீங்க. ஒருத்தி போய்ட்டா. மீதிய வாங்கினு போவ வந்திருக்கா. நீ பூ கீ வெச்சி கும்புடு, இல்ல தர்காவுக்கு வா, மந்திரிச்சுக் கயிறு வாங்கித் தர்றேன்."

"எனக்குப் பயமா இருக்குக்கா" என்றாள் சோபனா. பயமாகத்தான் இருந்தது. அதைவிட, பயந்து நடுங்குவது தேவகியைப் பார்த்தா என்று வெட்கமாகவும் இருந்தது. ஒரே டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவர்கள்.

முதல் தேதி வந்தது. அன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. போகாவிட்டால் வேலை போய்விடும், போனாலும் மெஷின் எடுக்காது. செல்வகுமார் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டான்.

"இன்னிக்கு வுடு. நாளைக்குப் போய் கெஞ்சிக்கலாம்" என்றான்.

அவள் படுத்துவிட்டாள். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நன்றாக வெயில் ஏறி, கேட்டில் வரிசை நிற்கும் நேரத்தில், அவளுடைய இடது சுண்டுவிரல் சில்லிட்டது. உடம்பெல்லாம் கொதிக்கிறது, அந்த ஒரு விரல் நுனி மட்டும் கண்ணாடியில் வைத்து அழுத்தின மாதிரி குளிர்ந்தது. போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அது சரியாகிவிட்டது.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, நேராக டைம் ஆபீஸுக்குப் போனாள். "பாய், நேத்து வரமுடியல, கொஞ்சம் ஆபீசர்கிட்ட நீங்களே..." என்று தொடங்கினாள்.

ஜான் பாஷா கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "இன்னாம்மா சொல்ற? நேத்து வந்திருக்கியே" என்றார். "மெஷின் எடுத்துருக்கு. நானே சந்தோஷப்பட்டேன், இனிமே உனக்குப் பேஜார் இல்லன்னு. ரெண்டாவது விரல்ல வுழுந்திருக்கு. சாயந்திரம் அவுட்டும் ஒழுங்கா வெச்சிட்டுப் போயிருக்க."

சோபனா பெயரில் இருக்கும் இரண்டாவது விரல் தேவகியுடையது.

உள்ளே ஓடினாள். அக்தரி பேகம் அவளைக் கண்டதும் எழுந்து வந்தாள். நேற்று உன் இடம் காலியாகத்தான் இருந்தது, ஆனால் பார்க்கும்போதெல்லாம் உன் கூடையில் வேலை ஏறிக்கொண்டே இருந்தது, நீ பாத்ரூம் போயிருக்கிறாய் என்றே நாள் பூரா எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்றாள். சொல்லிவிட்டுக் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னாள்.

சுருக்கமெல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. உள்பக்கத்தில் சொல்யூஷன் பரவிக் காய்ந்த இடத்தில் ஒரு சின்ன விரல் தடம் பதிந்திருந்தது. அந்த மேசையில் யார் விரல் பட்டாலும் வெறும் வட்டம்தான் விழும், மொழுக்கென்று. இதில் ரேகை இருந்தது. சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல், பச்சைப் பிள்ளையின் விரல் மாதிரி. நடுவில் குறுக்கே ஒரு வெட்டு. தேவகிக்குச் சீவுகிற கத்தி பட்டபோது தன் புடவைத் தலைப்பைக் கிழித்துச் சோபனாவே கட்டிவிட்ட வெட்டு அது.

"நம்ம யாருக்கும் ரேகை கெடையாதேடி" என்றாள் அக்தரி பேகம்.

டாக்டர் சொன்னது சோபனாவுக்கு ஞாபகம் வந்தது. சும்மா இருந்தால் வளர்ந்துவிடும். இரண்டு வருஷம் தேவகி சும்மா இருந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து அவள் சும்மா இருந்தது அந்த இரண்டு வருஷம்தான்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூப்பிட வந்தவள் இல்லை இவள். லீவில் இருக்கிறவளுக்கு வைக்கக் கூடாது என்கிற கட்டுப்பாட்டைக்கூட மீறி, தோழியின் வேலை போகக் கூடாதென்று விரல் வைத்துவிட்டு, நாள் பூரா அவள் வேலையையும் செய்திருக்கிறாள். பயந்து ஒதுங்கினேனே என்று சோபனா தன்னையே திட்டிக்கொண்டாள்.

டைம் ஆபீஸுக்குத் திரும்பி வந்தபோது ஜான் பாஷா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். "இங்க ஒரு பழைய பேரு செவப்பா நிக்குதும்மா. தேவகி. உன் பக்கத்துல இருந்துச்சே, அந்தப் பொண்ணு. எந்த லூசு இன் வெச்சதோ தெரியல. வெச்சதோட சரி, அவுட்டே வைக்கல. அன்னிலேர்ந்து உள்ளயே இருக்கா."

அந்த லூசு சோபனாதான். பிளாஸ்திரி கழன்ற அன்றைக்கு தேவகியை உள்ளே கூப்பிட்டவள் அவள். வெளியே அனுப்பாமல் பஸ் ஏறிப் போனவளும் அவள். போக வழியில்லாமல் அந்த மகராசி ராவும் பகலும் அந்த மேசையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருஷம் ஓய்ந்து, ரேகை வளர்ந்த கையை மறுபடி சொல்யூஷனில் போட்டுக்கொண்டு.

அப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தினமும் சோபனா பெயரில் பிரிண்ட் விழும். வேலை நிலைக்கும், வீட்டில் அடுப்பு எரியும். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, பேசாமல் இருந்தால் போதும். அவள் அதையும் யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். செல்வகுமார் சுவரைப் பிடித்து நடந்து வந்தது கண்முன் நின்றது.

பிறகு கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். தடத்தின் ஒரு ஓரத்தில் ஒன்றிரண்டு கோடு ஏற்கெனவே மழுங்கத் தொடங்கியிருந்தது.

கேட்டுக்குப் போனாள். காலை வரிசை முடிந்து இடம் வெறிச்சென்று இருந்தது. இடது சுண்டுவிரலை முந்தானையில் நன்றாகத் துடைத்தாள்.

"நீ செஞ்ச வரைக்கும் போதும்டி" என்றாள் மெதுவாக. "வூட்டுக்குப் போ. அன்னிக்கு நான்தான் நேரத்துக்கு வந்து உன்ன அனுப்பி வைக்கல."

விரலை வைத்தாள். "தேங்க் யூ" என்றது மெஷின். தேவகி, அவுட். கேட்டில் ஆட்கள் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு போகும் சுற்றுக்கம்பி ஒரு ஆள் வெளியே போகிற அளவுக்குத் தானாகச் சுற்றி, கிறீச்சிட்டு நின்றது. எங்கேயோ இரும்பில் டக் டக் என்று இரண்டு தட்டு கேட்டது. முடிந்தது என்று தெரிய வேண்டாமா?

ஜான் பாஷா ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் சிவப்பு போயிருக்கும். சோபனா இப்போது தன் வலது கட்டைவிரலை வைத்தாள்.

"ப்ளீஸ் ட்ரை அகைன்."

ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தாள். அதே பதில். கூடையிலிருந்து எடுத்த துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

ஜான் பாஷா வெளியே வந்தார். எவ்வளவு புரிந்ததோ அவருக்கு. "இப்ப இன்னாம்மா பண்ணப் போற?" என்றார்.

"ரேகை வளர்ற வரைக்கும் தின்னர் தொடாத வேலையா எதுனா பாக்குறேன் பாய். பூ கட்டுறேன், மாடு மேய்க்கிறேன். வளந்ததும் வந்து பதியறேன்."

"வளருமா?"

"அவளுக்கு வளந்திருக்கே" என்றாள் சோபனா. "நான் பாத்தேன்."